ஒரு ரூபாய் நாணயத்தில் எத்தனை சொட்டு நிற்கும்?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் தண்ணீரை அளந்துதான் செலவழிப்போம். அதனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் போதும். வேண்டியவை: ஒரு ரூபாய் நாணயம், இங்க் ஃபில்லர், சோப்பு, இரண்டு பலூன், மெழுகுவத்தி, ஐஸ் கட்டி, வெள்ளரிக்காய், உப்பு.

படி 1: சொட்டு எண்ணுதல்

நாணயத்தைத் துடைத்துச் சமதளத்தில் வையுங்கள். எத்தனை சொட்டு நிற்கும் என்று வீட்டில் முதலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஐந்து, ஆறு என்பார்கள். ஃபில்லரால் ஒவ்வொன்றாக விட்டால் இருபதைத் தாண்டும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், தண்ணீர் மேடுகட்டி நிற்கும்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னேற்றம், ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்னேற்றம். ஒன்றின் ஆக்சிஜன் பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனை இழுக்கும். இந்த ஹைட்ரஜன் பிணைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வேர் உறிஞ்சும் நீர் உயரமான மரத்தின் உச்சி இலைவரை அறுபடாமல் ஏறுவதும் இந்த ஒட்டுதலால்தான்.

இப்போது குச்சி நுனியில் சோப்பு தடவி மேட்டைத் தொடுங்கள். பொலபொலவென்று சரிந்துவிடும். மாடி டிரம்மில் கொசுப்புழு தலைகீழாகத் தொங்குவதும் இந்த நீர்ப்பரப்பைப் பிடித்துக்கொண்டுதான்.

(தலை வாரிய சீப்பால் குழாய் நீரை வளைக்கும் சோதனையும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் அது சரியாக வராது, விட்டுவிட்டேன்.)

படி 2: வெடிக்காத பலூன்

பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். காற்று நிரப்பிய பலூனை மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் டப்பென்று வெடிக்கும். இன்னொன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊதி, தண்ணீர் இருக்கும் அடிப்பக்கத்தைச் சில நொடிகள் காட்டுங்கள். கரி பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வெப்பம் வேண்டும், அதனால் ரப்பரின் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. வெயிலில் காசிமேட்டு மணல் காலைச் சுடும்போது கடல் சுடாததும், மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசுவதும் இதே கதை. நம் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். உடம்புச் சூடு சட்டென்று ஏறாமல் இருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

படி 3: மிதக்கும் ஐஸ்

டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் உருகியபின் வழியுமா? வழியாது. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரியும், உருகினால் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். குளிர்நாட்டு ஏரிகளில் பனி மேலே மிதப்பதால்தான் அடியில் மீன் பிழைக்கிறது.

படி 4: வெள்ளரிக்காயும் உப்பும்

வெள்ளரித் துண்டில் உப்புத் தூவி கால் மணி நேரம் விடுங்கள். தட்டில் தண்ணீர் கசிந்திருக்கும். அடர்த்தியான உப்பு, செல்லுக்குள்ளிருக்கும் நீரை வெளியே வரவைக்கிறது. கருவாடு கெடாததும் இதனால்தான். நீர் இல்லாமல் கிருமி பெருகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைக் குடித்தால் உப்பை வெளியேற்றவே குடித்ததைவிட அதிக நீர் செலவாகும்.

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ளது. வெள்ளரியில் நீர் தானாகவே உப்பை நோக்கி வந்தது அல்லவா? அங்கே கடல்நீரை உயர் அழுத்தத்தில் சவ்வின் வழியே தள்ளி, அதே நீரை எதிர்த்திசையில் ஓட வைக்கிறார்கள். உப்பு பின்தங்கிவிடும்.

சரி, வெள்ளரியைத் தூக்கிப் போடாதீர்கள். மிளகாய்த்தூள் தூவினால் நன்றாக இருக்கும்.