சீரி ஆ வரலாற்றைப் புள்ளிப்பட்டியலிலிருந்து படிப்பது எப்படி

இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்து லீகான சீரி ஆ-வின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் சாம்பியன்களின் பட்டியலைத்தான் திறப்பார்கள். யுவென்டஸ், மிலான், இன்டர் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், சீக்கிரமே அலுத்துவிடும். அதற்குப் பதில் ஒரே ஒரு சீசனின் முழுப் புள்ளிப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

முதலில் எந்த ஆண்டு என்று பாருங்கள். தேசிய சாம்பியன்ஷிப் 1898-லேயே தொடங்கிவிட்டது. டூரினில் நான்கு அணிகள், ஒரே நாளில் எல்லாம் முடிந்து ஜெனோவா கோப்பையை வென்றது. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே பிரிவாக, ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இருமுறை மோதும் லீக் 1929-30-ல்தான் வந்தது. அங்கிருந்து தொடங்கினால் போதும். அணிகளின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 1980-களின் பெரும்பகுதியில் 16, பிறகு 18, 2004-05 முதல் 20.

அடுத்தது புள்ளிக் கணக்கு. 1994-95-க்கு முன்பு வெற்றிக்கு 2 புள்ளிதான். பழைய பட்டியலை இன்றைய கணக்குக்கு மாற்ற, புள்ளிகளோடு வெற்றிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுங்கள். 1978-79-ஐ எடுத்துக்கொள்வோம். பெருஜியா 30 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் சாம்பியன் ஆனது மூன்றில் தோற்ற மிலான்தான். ஏன்? பெருஜியாவுக்கு 11 வெற்றி, 19 டிரா, ஆக 41 புள்ளி. மிலானுக்கு 17 வெற்றி, 10 டிரா, ஆக 44. இன்றைய கணக்கில் இது 52-க்கு 61. டிரா எடுத்தே ஒரு சிறிய அணி பெரிய அணிகளை எவ்வளவு தூரம் விரட்டிப் போயிருக்கிறது பாருங்கள்! ஒரு புள்ளிக்கு அப்போது எத்தனை மதிப்பு இருந்தது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

அப்புறம் 'வாங்கிய கோல்' பத்திக்குப் போங்கள். இத்தாலியக் கால்பந்தின் குணம் அங்கேதான் இருக்கிறது. 1969-70-ல் சார்டினியா தீவின் கால்யாரி 30 ஆட்டங்களில் வாங்கியது 11 கோல்தான். அடித்த 42-ல் பாதியை, 21 கோலை, ஜிஜி ரீவா ஒருவரே போட்டார். அந்தத் தீவுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

எண்கள் சொல்லாததும் உண்டு, அதற்கு அந்த ஆண்டின் விதிகளைத் தேடிப் படிக்க வேண்டும். 1984-85-ல் வெரோனா சாம்பியன் ஆனபோது நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய கிளப்புகளுக்குச் சாதகமாக நடுவர்களை நியமிக்க முடியாமல் போனதால்தான் வெரோனா வென்றது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் ஆட்டத்திலேயே மாரடோனாவின் நாபோலியை 3-1 என்று வீழ்த்தி, சீசன் முழுக்க இரண்டே ஆட்டங்களில் தோற்ற அணி அது. பெருமை பயிற்சியாளர் ஒஸ்வால்டோ பான்யோலிக்குத்தான் போக வேண்டும்.

சாம்பியன் பெயர் இல்லாத வருடத்தைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். 2004-05-ல் யுவென்டஸ் முதலிடம் பிடித்தது, ஆனால் நடுவர் நியமன ஊழல் வெளியானதும் பட்டம் பறிபோனது, வேறு யாருக்கும் தரப்படவும் இல்லை. 1948-49-ல் சாம்பியன் பெயர் உண்டு, ஆனால் அதன் பின்னால் இருப்பது இன்னும் கனமானது. டொரினோ அணி மே 4 அன்று சூப்பர்கா மலையில் நடந்த விமான விபத்தில் மாண்டுபோனது. மீதமிருந்த நான்கு ஆட்டங்களையும் கிளப்பின் இளையோர் அணி ஆடியது. எதிரணிகளும் தங்கள் இளையோரையே இறக்கின. வெறும் பட்டியலில் டொரினோ முதலிடம் என்று மட்டும்தான் இருக்கும்.

முதல் சீசனாக எதை எடுக்கலாம் என்று கேட்டால், 1999-2000 என்பேன். லாசியோ 72, யுவென்டஸ் 71. கடைசிச் சுற்றின் முடிவுகளை மட்டும் தனியாக எடுத்து, பெருஜியாவில் யுவென்டஸ் ஆடிய, மழையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோன ஆட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள்.