‘பிடிச்ச வேலைதானே’ என்று தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி கூப்பிட்டான். படம் வரைகிற பையன், நன்றாகவே வரைவான். “அக்கா, வேலையை விட்டுட்டேன். இனிமே முழு நேரமும் வரையறதுதான்” என்றான். முதல் ஆர்டருக்கு அனுப்பிய விலைக்கடிதத்தையும் காட்டினான். படித்ததும் எனக்குப் பழைய எரிச்சல் தலைக்கேறியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய கடிதமேதான், ஆள் பெயர் மட்டும் வேறு.

சேமிப்பு வேண்டும், வீட்டில் பேச வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகள் சில இருக்கின்றன.

நாள் முழுக்க அதையே செய்யலாம் என்று நினைப்பது

என் வாரத்தில் பென்சில் கையில் இருக்கும் நேரம் பாதிகூடத் தேறாது. மிச்சமெல்லாம் மெயில், விலை பேசுவது, கோப்பை அச்சுக்கு ஏற்ற அளவில் மாற்றுவது, வராத பணத்துக்கு நினைவூட்டுவது. வரையப் பிடிக்குமா என்பது கேள்வியே இல்லை. இந்த மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

பிடித்த வேலை என்பதற்காக விலையைக் குறைப்பது

என்னை இன்னமும் கடுப்பேற்றுவது இதுதான்.

குழந்தைகள் கதை ஒன்று, 24 படங்கள். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நான் காத்துக் கிடந்த சமயம். படத்துக்கு இரண்டரை மணி நேரம், மொத்தம் 60 மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். ஒரு தொகை வந்தது. அப்புறம், ‘நமக்குப் பிடித்த வேலைதானே, இவ்வளவு கேட்டால் நன்றாகவா இருக்கும்’ என்று நானே அதைப் பாதியாக வெட்டினேன். வேலை கொடுத்தவர்கள் பேரம்கூடப் பேசவில்லை. போதாக்குறைக்குக் கடிதத்தின் கடைசியில் “திருப்தி அடையும்வரை திருத்தித் தருகிறேன்” என்று வேறு எழுதிவைத்தேன்.

கதையில் ஒரு நரி வரும். அதன் வால் முதலில் ரொம்பச் சிவப்பு என்றார்கள். அப்புறம் ரொம்ப மங்கல். அப்புறம் வால் கொஞ்சம் ‘நட்பாக’ இருக்க வேண்டும் என்றார்கள். வாலை எப்படி நட்பாக வரைவது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நரி 17 படங்களில் வருகிறது. வாலைத் தொட்டால் 17 கோப்புகளையும் திறக்க வேண்டும். ஒன்பதாவது சுற்றில், இனிமேல் தனியாகக் காசு கேட்கலாமா என்று தயங்கித் தயங்கி எழுதினேன். “நீங்கதான் ரசிச்சுப் பண்றீங்களே மேடம்!” என்று பதில் வந்தது. கொடுமை என்னவென்றால், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பூரித்துப் போயிருந்தேன்.

முடிந்தபிறகு கூட்டிப் பார்த்தால் 190 மணி நேரம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் நாலு மாதம் எனக்காக ஒரு கோடுகூடப் போட முடியவில்லை. பென்சிலை எடுத்தாலே நரி வால் ஞாபகம்.

அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஜே யுன் கிம் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலையை ஆசையோடு செய்கிறவரிடம் கூலியில்லாமல் கூடுதல் வேலை வாங்குவதோ, சம்பந்தமில்லாத வேலையைத் தலையில் கட்டுவதோ அவ்வளவு தப்பில்லை என்றே மக்கள் எண்ணுகிறார்களாம். ஊரே இப்படி நினைக்கும்போது நாமும் அதையே விலைக்கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்?

இப்போது என் கடிதத்தில் பாதித் தொகை முன்பணம். பென்சில் வரைவு நிலையில் இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம். வண்ணம் ஏறிய பிறகு கேட்டால் மணிக்கணக்கில் கட்டணம். படத்தை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதும் அதிலேயே இருக்கும். இதைப் படித்துவிட்டு ஓடிப்போனவர்கள் உண்டு. போகட்டும்.

வேலையை விட்டால்தான் தீவிரம் என்று நம்புவது

இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் இசை நாடகம் 1976-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் டாக்ஸி ஓட்டினார். குழாய் வேலையும் பார்த்தவர். அமெரிக்கத் தொழில்முனைவோரை ஆராய்ந்து ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-ல் எழுதினார்கள்: வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் அதைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட 33% குறைவு. தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. அவன்தான் விட்டுவிட்டானே.

எல்லோரிடமும் கருத்துக் கேட்பது

காசு கொடுத்து வாங்கப்போகிறவரிடம் மட்டும் கேளுங்கள்.

மொத்தத்தையும் விற்பனைக்கு வைப்பது

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் செய்த சோதனை இது. தாமாகவே ஆசையாக வரைகிற சிறு குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். பின்னர் விளையாட்டு நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை. பிழைப்புக்காக வரைகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு மாதத்தை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மலிவான பால்பாயிண்ட் பேனாவில் வரைந்த காகங்கள், வேறொன்றும் இல்லை. பாதிக் காகங்களுக்குக் கால் சரியாக வரவில்லை, திருத்தவும் இல்லை. போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் அதைப் புரட்டிவிட்டு, “இது என்ன விலை?” என்றார். தொகை வாய்வரை வந்துவிட்டது. நோட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.