பழைய டியூப் லைட்டைக் கழற்றும் நாளில் செய்யும் தவறுகள்

போகி நெருங்கினால் பரணில் கிடக்கும் பழைய டியூப் லைட்டும் சிஎஃப்எல்லும் தெருவுக்கு வந்துவிடும். சில தெருக்களில் தீயிலும் விழும். வீடு முழுக்க எல்இடி ஆகிவிட்டது, இனி இது எதற்கு என்ற எண்ணம். எல்இடி கண்ணைக் கெடுக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததை நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு, பாதரசம் உள்ள குழாயைக் குப்பைத் தொட்டியில் குத்தி நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. வயரிங் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும் இதையே செய்கிறார்கள். ஆரம்பத்தில் இதைச் செய்யாத ஆள் இந்தத் தொழிலில் அபூர்வம்.

மெயினை அணைக்காமல் ஹோல்டரில் கை வைப்பது, ஈரக் கையோடு ஸ்டூலில் ஏறுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

உடைந்த சிஎஃப்எல்லைத் துடைப்பத்தால் கூட்டுவது

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். ஸ்டூலில் நிற்பவர் அடியில் உள்ள பிளாஸ்டிக் பகுதியைப் பிடிக்காமல், கண்ணாடிச் சுருளைப் பிடித்து அமுக்கித் திருகுகிறார். கழுத்தில் விரிசல் விட்டுக் கட்டில் மேல் விழுந்து சிதறுகிறது. தூசி போகட்டும் என்று யாரோ ஃபேனைப் போடுகிறார்கள். விளக்குமாறு வருகிறது. மெத்தை விரிப்பை உதறுகிறார்கள். பிறகு அது வாஷிங் மெஷினுக்குப் போகிறது. ஐந்து நிமிடத்தில் ஐந்து தவறு.

சிஎஃப்எல்லில் இருக்கும் பாதரசம் கொஞ்சம்தான், பொதுவாக 5 மில்லிகிராமுக்குள். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் 500 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அதனால் ஒரு பல்பு உடைந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் தெர்மாமீட்டர் உடைந்தால் வெள்ளி மணி உருண்டு ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே அப்படி எதுவும் தெரியாது. பாதரசத்தில் ஒரு பங்கு ஆவியாக வெளியே வருகிறது, மீதி கண்ணாடியின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொடி அறையில் கிடக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆவி மூச்சு வழியாக உடம்புக்குள் போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. தரையில் தவழும் குழந்தையின் மூக்கு அந்தப் பொடிக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குமாறு பொடியை அள்ளாது, பரப்பும். தானும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, அடுத்த நாள் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் கொண்டுபோகும். வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம். உறிஞ்சிய பாதரச ஆவியைச் சூடான காற்றோடு பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதும்.

செய்ய வேண்டியது இது. ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு, குழந்தைகளையும் நாய், பூனையையும் வெளியே அனுப்புங்கள். போகிறவர்கள் பொடியை மிதிக்காமல் போகட்டும். வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்திவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் நீங்களும் வெளியே இருங்கள். திரும்பி வரும்போது மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும். ரப்பர் கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

கெட்டியான பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டை எடுத்து, ஒன்றால் தள்ளி மற்றொன்றில் அள்ளுங்கள். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது. மிச்சமிருக்கும் பொடியின் மேல் அகலமான செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். கடைசியாக ஈரக் காகிதத்தால் துடையுங்கள். மாப் வேண்டாம், அதைப் பிழியும் வாளிக்கும் பொடி போகும். கண்ணாடி, பத்திரிகை, டேப், ஈரக் காகிதம் எல்லாம் உலோக மூடி போட்ட ஊறுகாய் பாட்டிலுக்குள் போகட்டும். பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்தாலும் பாதரச ஆவி கசியும், பாட்டில் கிடைக்காவிட்டால் மட்டும் அது. பாட்டிலை வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு சில மணி நேரம் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

விலை கொடுக்க வைக்கும் இடம் மெத்தை விரிப்பு. உடைந்த கண்ணாடியும் பொடியும் நேராகப் பட்ட துணியைத் துவைக்கக் கூடாது. வாஷிங் மெஷினின் டிரம்மிலும், கழிவு நீரிலும், அடுத்து துவைக்கும் துணியிலும் அது போய்ச் சேரும். நல்ல பெட்ஷீட் என்று மனசு கேட்காதுதான். இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியது பெட்ஷீட்டை. அதைக் காப்பாற்றப் போய் மெஷினைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உடையாததை உடைத்துப் போடுவது

டியூப் லைட் குப்பைத் தொட்டியில் நுழையாது என்று இரண்டாக உடைப்பது, முனையில் இருக்கும் அலுமினிய மூடிக்காக நொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் போடுவது, பட்டென்று வெடிக்கும் சத்தத்துக்காகப் பையன்கள் சுவரில் எறிவது: மூன்றிலும் குழாயில் இருந்த பாதரசம் பக்கத்தில் நிற்பவருக்குத்தான். குப்பை வண்டியில் அதைப் பிரிப்பவருக்குப் பல நேரம் கையுறைகூட இருக்காது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சிஎஃப்எல்லையும் டியூப் லைட்டையும் வீட்டு அபாயக் கழிவு என்ற வகையில் வைத்தன. காலாவதியான மருந்து, ஊசி, பேட்டரி எல்லாம் அதே வகைதான். அதாவது மக்கும் குப்பையும் இல்லை, மக்காத குப்பையும் இல்லை, தனியாகக் கொடுக்க வேண்டியது. புது எல்இடி பேட்டன் வந்த அட்டைப்பெட்டியிலேயே பழைய குழாயைச் செருகி, மேலே ‘டியூப் லைட், உடைக்காதீர்கள்’ என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கையில் கொடுங்கள், அல்லது மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். போகித் தீயில் போட்டால் மொத்தமும் தெருக் காற்றில் கலக்கும்.

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. ஒரு வீட்டுக் குழாயை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் மண்ணில் விழுந்த பாதரசம் தானாக எங்கும் போய்விடாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க உலக நாடுகள் போட்ட, 2018இல் இந்தியா ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையின்படி வீட்டு சிஎஃப்எல்களின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் கெடு 2025, டியூப் லைட்டுகளுக்கு 2027. ஆகவே கழற்றுகிற வேலை இனிமேல்தான் அதிகமாகும்.

பழைய டியூப் லைட் பட்டியிலேயே எல்இடி குழாயை மாட்டுவது

நான்கடி டியூப்பும் காப்பர் சோக்கும் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், எல்இடி குழாய்க்கு 18 முதல் 20 வாட் போதும். மாற்றுவது சரிதான். ஆனால் நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் குழாய்க்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு வயரை மாற்ற வேண்டும். வாங்கிய குழாய்க்கு ஒரே முனையில் பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (திரும்பும் வயர்) கொடுக்க வேண்டுமா, முனைக்கு ஒன்றா என்று அதன் மேல் ஒட்டிய படத்தில் இருக்கும். ஒருமுனைக் குழாயைத் தலைகீழாக மாட்டினால் சில வகைகளில் நேராக ஷார்ட். இருமுனைக் குழாயில் ஒரு பக்கம் செருகியதும் மறுபக்கப் பின்னில் கரண்ட் இருக்கலாம்.

இதில் எல்லோரும் மறக்கும் ஒன்று: வயர் மாற்றிய பட்டியின் மேல் ‘எல்இடி மட்டும்’ என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது பரணில் கிடந்த பழைய டியூப்பை மாட்டினால், ஒருமுனை வயரிங்கில் 230 வோல்ட்டும் ஒரு சின்ன இழையின் மேல் பாயும். இழை அறுந்து, முனை வெடித்து, மறுபடி கல்யாணப் பத்திரிகை தேட வேண்டி வரும்.

படுக்கையறைக்கு 6500

கடைக்காரர் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் 6500 கெல்வின், கூல் டேலைட். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், கூடக் கூட நீலம், குறையக் குறைய மஞ்சள். நீலம் தூக்கலான வெளிச்சம். இரவில் அது மூளையில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும், தூக்கம் தள்ளிப்போகும். எல்இடியால் கண் போய்விடும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2018இல், ஆரோக்கியமானவர்களுக்குச் சாதாரண உபயோகத்தில் நேரடிக் கெடுதல் இருப்பதாகச் சான்று இல்லை என்றே சொன்னது. பிரான்ஸின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் 2019இல் எச்சரித்தது முக்கியமாகத் தூக்கம் கெடுவதையும் குழந்தைகளின் கண்ணையும் பற்றி. ஆக, படுக்கையறைக்கு 3000 அல்லது அதற்குக் கீழே கேட்டு வாங்குங்கள். சமையல் மேடைக்கு 4000 நன்றாக இருக்கும்.

தலைவலிக்கு நிறத்தைவிடத் துடிப்புதான் காரணமாக இருக்கும். மலிவான பல்பின் டிரைவரில் (எல்இடிக்கு ஏற்ப மின்சாரத்தை மாற்றும் உள் சர்க்யூட்) மின்னோட்டத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் இருக்காது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை துடிக்கும். மொபைல் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துக் கடையிலேயே பல்பைப் பாருங்கள். வெளிச்சம் விட்டு விட்டு அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். லேத், அரவை மெஷின் இருக்கும் அறையில் இது வெறும் தலைவலியோடு நிற்காது. சுற்றுகிற சக்கரம் நிற்பதுபோலத் தெரியும்.

படிக்கும் மேசையில் மிச்சமிருக்கும் சிஎஃப்எல்

மேல்மூடி இல்லாத சுருள் பல்பு கொஞ்சம் புற ஊதாக் கதிரை விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் 30 சென்டிமீட்டருக்குள் வைத்து உட்காராதீர்கள் என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2008இல் சொன்னது. லூபஸ் (புற ஊதாக் கதிர் பட்டால் மோசமாகக்கூடிய ஒரு நோய்) உள்ளவர்கள் இன்னும் கவனம்.

மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடி

சூடு வெளியேற வழியில்லை. டிரைவர் சீக்கிரம் சாகும், மின்னணுக் கழிவு கூடும்.

கோழிக்குஞ்சுப் பெட்டியில் எல்இடி

குஞ்சுகளுக்கு வேண்டியது குண்டு பல்பின் சூடு. அங்கே மட்டும் மாற்றாதீர்கள்.

அணைத்த பிறகும் மினுங்கும் பல்பு

பல்பு கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இண்டிகேட்டர் உள்ள ஸ்விட்ச் என்றால் அதன் வழியாகக் கசியும் மின்னோட்டமாக இருக்கலாம், பயமில்லை. அது இல்லாவிட்டால், ஸ்விட்ச் பேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குண்டு பல்பு இதைக் காட்டிக் கொடுத்திருக்காது. ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். டெஸ்டர் வைத்துப் பார்த்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள்.

கடலைப் பார்த்த பால்கனியில் வெள்ளை ஃப்ளட் லைட்

பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரிந்து வரும் மாதங்களில் அணைத்துவிடுங்கள். அவை வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு ஏறும்.

ஜீரோ வாட்ஸ் பல்பை விட்டுவைப்பது

பெயர்தான் ஜீரோ, இழுப்பது 12 முதல் 15 வாட். இரவு பத்து மணி நேரம் எரிந்தால் மாதம் நான்கு யூனிட் போகும். அரை வாட் எல்இடி போதும், மஞ்சளில் வாங்குங்கள்.