கொழும்பில் கார் ஓட்டப் போகிறீர்களா? பெற்றோலை மிச்சம் பிடிக்கும் வழி

விடுமுறைக்கு வந்து கொழும்பில் வாடகைக் கார் எடுப்பவர்கள், பெற்றோல் இப்படிக் குடிக்கிறதே என்று காரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் கால்தான். கனடாவிலும் ஜெர்மனியிலும் அகலமான வீதிகளில் ஓடிப் பழகிய கால், வெள்ளவத்தை நெரிசலில் சிறு இடைவெளியைக் கண்டாலும் அக்சிலேற்றரை அழுத்திவிடும். பத்து மீற்றர் பாய்ச்சல், உடனே பிறேக். பெற்றோலை எரித்துப் பெற்ற வேகம் அத்தனையும் பிறேக்கில் வெறும் சூடாகப் போய்விடுகிறது.

முன்னால் இடம் விட்டு, காரை மெல்ல உருள விடுங்கள். அந்த இடத்துக்குள் ஓட்டோ ஒன்று மூக்கை நுழைக்கும், பின்னாலேயே மோட்டார் சைக்கிளும் வரும். வரட்டும், விடுங்கள். முன்னால் போகும் பஸ்ஸையும் பாருங்கள்: கொண்டக்டர் மிதிபலகைக்கு இறங்கி வெளியே சாய்ந்தால் பஸ் நிற்கப் போகிறது என்று அர்த்தம். அப்போதே காலை எடுத்துவிட்டால் திடீர்ப் பிறேக் தேவைப்படாது.

இங்கே அக்வா, பிரியஸ் போன்ற, பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்கள் நிறைய. அவற்றில் இந்த நிதானத்துக்கு இரட்டைப் பலன். தூரத்திலிருந்தே மெதுவாகப் பிறேக் பிடித்தால் ஓட்டத்தின் சக்தி மின்சாரமாகிப் பற்றரிக்குத் திரும்பும். சடாரென்று மிதித்தால் பெரும்பகுதி வீண்.

கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 100 வரை போகலாம். ஆனாலும் 80, 85இல் ஓடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாக ஏறும். பெட்டிகளைக் கூரையில் கட்டினால் இன்னும் மோசம், டிக்கிக்குள் வையுங்கள்.

சாரதியோடு கார் எடுத்தவர்கள் புடவைக் கடைக்குள் ஒரு மணிநேரம் நிற்க, வெளியே ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வெயிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. "அண்ணை, நிப்பாட்டிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்று உள்ளே கூப்பிடுங்கள்.

ரயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் அளவு ஒட்டியிருக்கும். அப்புறம், கார் 92 ஒக்டேன் பெற்றோல் கேட்டால் 92 போதும். 95 அடித்தால் அதிக தூரம் ஓடும் என்பது வீண் நம்பிக்கை.