சுற்றறிக்கை வந்த பிறகுதான் ஒத்திகையா? பள்ளி நாடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாவட்டப் போட்டியில் நடுவர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் மகன் வேடமிட்ட மாணவன் பேசிக்கொண்டிருந்தான். எதிரே நின்ற தாயின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. முதலில் அழப்போகிறாள் என்று நினைத்தேன். கூர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: மகனின் வசனத்தையும் அவள் சத்தமில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தன் முறை எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி அது. அந்தக் குழுவில் எல்லோருக்கும் எல்லோருடைய வசனமும் மனப்பாடம். ஆனால் ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்கவே இல்லை.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பத்து நாளில் ஒரு நாடகத்தைத் தயாரிக்கச் சொன்னால் மனப்பாடம்தான் செய்ய முடியும்.

தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கு இன்று மேடைகளுக்குப் பஞ்சமில்லை. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கலா உத்சவ் என்ற கலைப் போட்டி 2015 முதல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக நடக்கிறது. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் தென் மாநிலப் பள்ளிகளுக்காக அறிவியல் நாடக விழா நடத்துகிறது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் நாடகம் என்ற சொல்லே போட்டிக்கான சுற்றறிக்கை வந்த அன்றுதான் காதில் விழுகிறது. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஜூன் மாதத்திலேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். போட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இருவரை எதிரெதிரே நிறுத்தி ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடிபோல் செய்யச் சொல்லுங்கள். அன்றைய நாளிதழில் ஒரு சிறு செய்தியைக் கொடுத்து, வசனமே இல்லாமல் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் பழகிய குழுவுக்குச் சுற்றறிக்கை எப்போது வந்தாலும் கவலையில்லை.

அடுத்த தவறு, ஆள் எடுப்பதில் நடக்கிறது. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவரையே கதாநாயகனாக்குவது நம் பள்ளிகளில் எழுதப்படாத சட்டம். பேச்சாளருக்கு அவையைப் பார்த்து முழங்கித்தான் பழக்கம். நாடகத்திலோ பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பேச வேண்டும். நான் பயிற்சி கொடுத்த ஒரு பள்ளியில், பெஞ்சு தூக்கிப் போடும் வேலைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தான் ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவன். முக்கிய நடிகனுக்குக் காய்ச்சல் வந்த நாளில், வேறு வழியில்லாமல் அவனை நிறுத்தினோம். டீக்கடைக்காரர் வேடம். வசனத்தில் இரண்டு வரிகளை விழுங்கிவிட்டான். ஆனால் கேட்டவருக்கு டீயை நீட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே மேசையில் இருந்த சில்லறையை ஓரக்கண்ணால் எண்ணினான். யாரும் சொல்லிக் கொடுக்காதது அது. எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தான். தேர்வு வைப்பதானால் வசனத்தை வாசிக்கச் சொல்லி வைக்காதீர்கள். ஒரு வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

கதைக்கு வருவோம். சில நிமிட நாடகத்தில் நெகிழி ஒழிப்பு, குழந்தைத் திருமணம், செல்பேசி மோகம், மரம் வளர்ப்பு எல்லாவற்றையும் அடைத்து, கடைசியில் எல்லோரும் வரிசையாக வந்து கையை உயர்த்தி முழக்கமிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குடிகாரத் தந்தை ஒரே காட்சியில் திருந்திவிடுவார். கருத்து இருந்தால் மதிப்பெண் விழும் என்ற நம்பிக்கைதான் காரணம். நடுவர் நாற்காலியிலிருந்து சொல்கிறேன், மூன்றாவது முழக்கத்திலேயே எங்களுக்குக் களைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்துப் பள்ளி மாணவிகள், சிறப்பு வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுவதை மட்டுமே நாடகமாக்கினார்கள். நிறுத்தத்தில் நிற்கும் நான்கு பேர்தான் பாத்திரங்கள். யார் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வது, என்ன சொன்னால் திட்டு விழாது என்பதுதான் கதை. நடக்கலாம் என்று ஒருத்தி சொல்ல, மற்ற மூவரும் இருட்டத் தொடங்கிய சாலையைப் பார்ப்பதோடு முடிந்தது. பெண்கல்வி என்ற சொல் அதில் ஒருமுறைகூட வரவில்லை.

அறிவியல் நாடகத்தில் இதே நோய் வேறு வடிவில் வரும். ஒருவர் கிருமி, ஒருவர் வெள்ளையணு என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாடப்புத்தகப் பத்தியை ஆளுக்கு ஒரு வரியாக ஒப்பிப்பார்கள். சட்டை மாட்டிய பாடம் நாடகமாகிவிடாது.

வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து, மேடையில் வாயசைக்கும் வழக்கம் சில பள்ளிகளில் புகுந்திருக்கிறது. மைக் சரியில்லாத மைதானங்களில் இது வசதி என்பது உண்மைதான். ஆனால் பாதியில் ஒலி நின்றால் என்ன ஆகும்? ஒருமுறை நின்றது. ராஜா கையைத் தூக்கியபடியே நின்றார், மந்திரி தரையைப் பார்த்தார். அந்த வசனத்தைச் சொந்தக் குரலில் சொல்லலாம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. ஒத்திகையில் ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசியிராத பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றும்? வாரம் இருமுறை மைதானத்தின் இரு முனைகளில் நின்று, கத்தாமல் பேசிப் பழகினாலே குரல் எட்டும். வசனத்தையும் அவர்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே விடுங்கள். மதுரைப் பிள்ளையை வானொலிச் செய்தியாளர்போல் பேச வைத்தால் குரலோடு உடம்பும் விறைத்துவிடும்.

மனப்பாடம் நம் மரபுதானே என்று சில ஆசிரியர்கள் வாதிடுவார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவில் பிள்ளைகள் பாட்டும் வசனமும் நெட்டுருப் போட்டார்கள், உண்மை. ஆனால் பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட அத்தகைய குழுக்களின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, நாள்தோறும் சேர்ந்து பழகியவர்கள். நாம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு நெட்டுருவை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தெருக்கூத்து வேண்டும் என்றால் யூடியூபைத் திறப்பதும் அப்படித்தான். வட மாவட்டங்களில் பல ஊர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கூத்து வாத்தியார் இருப்பார். அவரை நான்கு நாள் அழைத்து, உரிய மதிப்பூதியமும் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். காணொளியில் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் தெரியும். அடவு, அதாவது ஆட்டத்தின் அசைவு, உடம்பில் எங்கிருந்து தொடங்குகிறது என்பது தெரியாது. கூத்து ஆண்களுக்கானது என்று மாணவிகளை ஒதுக்கவும் வேண்டாம். காஞ்சிபுரம் அருகே இயங்கிவந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் சிறுமிகளும் வேடம் கட்டி ஆடினார்கள், பள்ளிப் பாடமும் படித்தார்கள்.

மாணவிகள் ஒத்திகையிலிருந்து நின்றுவிட்டால் ஆர்வமில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடிகிறது, யார் உடனிருக்கிறார்கள் என்று முதலிலேயே வீட்டுக்குச் சொல்லியிருந்தோமா என்று பாருங்கள்.

இனி, தெரியாமல் கைநழுவும் வாய்ப்புகள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு என்றாலே பெயரை அடித்துவிடுகிறார்கள். கலா உத்சவ் விதியில் அப்படி ஒரு தடை இல்லை. தடை போடுவது நாம்தான். மரபுக் கலை பயில்வோருக்கு சி.சி.ஆர்.டி. எனப்படும் மத்திய அரசின் கலாசார வள, பயிற்சி மையம் தரும் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் அதை விசாரிக்க வரும் பெற்றோரை வெறுங்கையோடுதான் அனுப்ப வேண்டியிருக்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கு மாவட்டக் கலை மன்றம் வழங்கும் கலை இளமணி விருதைப் பற்றிப் பல பள்ளிகள் கேள்விப்பட்டதே இல்லை. போட்டி விதிகளோ ஆண்டுக்கு ஆண்டு மாறும். குழுவில் எத்தனை பேர், எத்தனை நிமிடம், தனி நடிப்பா குழு நாடகமா என்பதைச் சென்ற ஆண்டுத் தாளை வைத்து முடிவு செய்து, மேடைக்குப் பின்னால் இரண்டு பேரை இறக்கிவிட்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இருவரின் முகத்தையும்.

பிளஸ் டூ முடித்ததும் தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்துவிடலாம் என்று நம்பும் மாணவர்களும் உண்டு. டெல்லியில் உள்ள அதன் மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கு ஏதேனும் ஒரு பட்டமும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் இயங்கும் நிகழ்கலைப் புலத்திலும் நாடகம் முதுநிலைப் படிப்புதான். ஆகவே ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து, அந்த மூன்று ஆண்டுகளும் ஏதேனும் ஒரு குழுவோடு நடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அனுபவத்தைக் காட்டத் தாள் வேண்டும். குழுப் போட்டிகளில் பல இடங்களில் பள்ளியின் பெயருக்குத்தான் சான்றிதழ் வருகிறது, நடித்த பிள்ளையின் பெயர் எங்கும் இருப்பதில்லை. ஆண்டுவிழா அழைப்பிதழிலாவது ஒவ்வொருவர் பெயரையும் வேடத்தோடு அச்சிடச் சொல்லுங்கள். முன்னெழுத்து பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பெஞ்சு தூக்கியவன் பெயரும் அதில் வரட்டும்.