மரபுக் கட்டடப் பாதுகாப்பு வேலைக்குத் தேவையான திறன்கள்

நினைவுச் சின்னங்களுக்கும் மரபு இடங்களுக்குமான பன்னாட்டு மன்றம் இக்கோமோஸ். 1993இல் கொழும்பில் கூடிய அதன் பொதுச்சபை, மரபுக் கட்டடங்களில் வேலை செய்கிறவருக்கு இருக்க வேண்டிய 14 திறன்களைப் பட்டியலிட்டது. கட்டடத்தைப் படித்தறிவது முதல் அதில் குடியிருப்பவர்களோடு பேசி இணக்கம் காண்பது வரை எல்லாம் அதில் உண்டு. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இரண்டில்: சிதைவின் காரணத்தைக் கண்டுபிடிப்பது, அதை மற்றவருக்குப் புரியும்படி எழுதுவது.

முதலில் அளவெடுப்பு. பழைய வீட்டு மூலை செங்கோணமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். சன்னல், கதவு, தூண் என்று துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டே போகும். அளவு நாடாவின் சுழியத்தை (0) ஒரு மூலையில் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் படிக்க வேண்டும். வரைபடத்தின் அளவுத்திட்டம் 1:50, வேலைப்பாடுகளுக்கு 1:10 அல்லது 1:5.

அடுத்து ஈரம். சுவரின் அடியில் காரை உதிர்ந்தால் உடனே சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். பல கட்டடங்களைக் கெடுத்தது இதுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைப்பதால், ஈரம் இன்னும் மேலே ஏறிப் பூச்சு முடியும் இடத்தில் வெளிவரும். கூடவே வந்த உப்பு அங்கே படிகமாகி, செங்கல்லின் முகத்தையே உடைக்கும். ஆகவே பூச்சைத் தொடுவதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள்: தெரு மட்டம் தளத்தைவிட உயர்ந்துவிட்டதா, மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, சுவரை ஒட்டிப் புதிதாகச் சிமெண்ட் தரை போட்டிருக்கிறதா, பக்கத்துக் குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது. சுவரின் மின்தடையை அளந்து ஈரம் காட்டும் கருவியை மட்டும் நம்பக்கூடாது. உப்பு இருந்தால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று சொல்லும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்தால்தான் படம் தெளிவாகும்.

விரிசலுக்கும் இதே பொறுமை வேண்டும். இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அகலத்தைக் குறித்து, ஓர் ஆண்டாவது கவனியுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் திறந்து மூடுகிற விரிசல் வேறு, ஒரே திசையில் வளர்கிற விரிசல் வேறு. இரண்டாவது என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டாக வேண்டும். எப்போது பிறரைக் கேட்க வேண்டும் என்று தெரிவதும் அந்த 14இல் ஒன்று.

பழைய சாந்தின் கலவையை அறிய, நீர்த்த அமிலத்தில் கரைத்து மீதியாகும் மணலை எடைபோடுவது வழக்கம். கடற்கரை ஊர்களில் இது ஏமாற்றும். மணலில் உள்ள சிப்பித் துகளும் கரைந்துவிடுவதால் சுண்ணாம்பின் அளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் இடம், அறிகுறி, காரணம், அவசரம், செய்ய வேண்டிய வேலை என்று ஐந்தும் வரட்டும். உடனே, ஓராண்டுக்குள், ஐந்தாண்டுக்குள் என்று பிரித்தால் வீட்டுக்காரரோ அறங்காவலரோ பணத்தை ஒதுக்க முடியும். காரணம் உறுதியாகாத இடத்தில் ‘மேலும் பார்க்க வேண்டும்’ என்றே எழுதுங்கள். ஊகத்தைக் காரணமாக எழுதினால் அதன்மேல் மதிப்பீடும் ஒப்பந்தமும் ஏறிவிடும்.

சட்டத்தில் குறைந்தது ஒன்றாவது விரல்நுனியில் இருக்க வேண்டும். பழஞ்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டின் இந்திய மத்தியச் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தப்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மனை எதில் விழுகிறது என்று பாராமல் திட்டம் வரைந்தால் உழைப்பு வீண்.

பட்டம் என்றால், கட்டடக்கலை முடித்தவர்கள் தில்லி, போபால் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளில் பாதுகாப்பு முதுகலை படிக்கலாம். சேருவதற்கு முன் நல்ல சுண்ணாம்புக் கொத்தனார் ஒருவரோடு சில வாரம் நின்று, சாந்து அரைப்பதையும் பூசுவதையும் கையால் செய்து பழகுங்கள். எந்தப் பதத்தில் பூச்சு விரிசல்விடும், எப்போது நனைக்க வேண்டும் என்பது அங்கேதான் பிடிபடும்.