புதுக் கார் படுத்தினால் ஜாப் கார்டைப் பாருங்கள்

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதுக் காரில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால் சர்வீஸ் சென்டரில் குரலை உயர்த்துவது வீண். வண்டியை விடும்போது ஜாப் கார்டில், அதாவது குறையையும் செய்ய வேண்டிய வேலையையும் அவர்கள் குறிக்கும் சீட்டில், என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

என் வண்டி மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியரில் உதறும். விவரமாகச் சொன்னேன், அங்கிருந்த தம்பி எழுதியது ‘பொதுச் சோதனை’. பின்னாளில் அந்தக் கார்டைப் படிப்பவருக்கு, வண்டி வழக்கமான சர்வீஸுக்கு வந்ததாகத்தான் தோன்றும். அந்த வரியை அடித்துவிடச் சொல்லி, ‘எஞ்சின் சூடான பிறகு, ஏற்றத்தில், இரண்டாவது கியரில் உதறல்’ என்று எழுத வைத்தேன். மறுமுறை போனபோது, ‘அதே குறை, சென்ற முறை சரிசெய்ததாகக் கூறப்பட்டது’ என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். முகம் சுளித்தார், எழுதினார்.

கிளட்ச் என்றால் இன்னொரு பதில் தயாராக இருக்கும்: “சார், நீங்கள் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறீர்கள்.” தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்று அடுத்த வரியில் முடித்துவிடுவார்கள். வாதாட வேண்டாம். அவர்களுடைய ஓட்டுநரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். உதறினால், ‘எங்கள் ஓட்டுநர் ஓட்டியபோதும் குறை தெரிந்தது’ என்று கார்டில் ஏற வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிகிற பழுதானால், வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன்பே ஸ்கேன் அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள். அழித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது.

வண்டியை எடுக்கும்போது ‘திருப்தி’ என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். குறை இருந்தால் ‘குறை நீடிக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள். இலவச சர்வீஸ்களைத் தவறவிடாதீர்கள். வெளிக்கடையில் வயரை வெட்டி மியூசிக் சிஸ்டம் மாட்டுவதும் வேண்டாம். பழியை அதன்மேல் போட்டுவிடுவார்கள்.

பிரேக், ஸ்டியரிங் குறை என்றால் ஓட்டிப் பார்க்கவே கூடாது. டோ செய்து அனுப்புங்கள்.

மராமத்துக்குப் பிறகும் பழுது வந்தால் டீலருக்கும் கார் நிறுவனத்துக்கும் ஒரே கடிதம், விரைவுத் தபாலில், ஜாப் கார்டு நகல்களுடன். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். என் விஷயத்தில் அவர் வந்த பிறகுதான் கிளட்ச் முழுவதையும் மாற்றினார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே போதும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். ஆய்வு தேவையென்றால் வண்டியைச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

மனுவில் புது வண்டி ஒன்றை மட்டுமே கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல் பழுதுக் கார்களுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான், முழு வண்டிக்கு அல்ல என்று 2006இல் ஒரு கிளட்ச் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மாற்று வண்டி, இல்லையேல் பணம், அதுவும் இல்லையேல் பாகம் மாற்றி இழப்பீடு என்று அடுக்கிக் கேளுங்கள். மனுச் செய்யக் காலக்கெடு இரண்டு ஆண்டு. மனுக் கட்டணம், 5 முதல் 10 லட்ச ரூபாய் வண்டிக்கு வெறும் 200 ரூபாய்.